தக்காளித் துண்டில் நின்ற பிற்பகல்

காயில்காரர் செத்துப்போய் எட்டாம் மாதம், காய்ந்த தக்காளித் துண்டு ஒன்றை வெந்நீரில் ஊறப்போட்டபோது, அவர் உயிரோடு இருந்த கடைசிப் பிற்பகல் பட்டறைக்குள் திரும்பி வந்தது. வெந்நீர் ஆறும்வரை இருந்துவிட்டுப் போனது. வெளியே அப்போது காலை நேரம், மேகம் கறுத்துக் கிடந்தது. உள்ளே மட்டும் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழ, தரையில் கிடந்த செம்புக் கம்பித் துணுக்குகள் பளபளத்தன. துண்டை ஊறப்போட்டவன் அவருடைய தம்பி, தகர வேலைக்காரன். அவன் பார்க்க நினைத்தது வேறு. காய்ந்த துண்டு தண்ணீரைத் திரும்பக் குடித்து எவ்வளவு தூரம் பழைய உருவத்துக்கு வருகிறது என்பதுதான் உலர்த்தும் யந்திரத்துக்குப் பரீட்சை. துண்டு பாதிகூட உப்பவில்லை. தோல் மட்டும் செருப்புத் தோல் மாதிரி விறைத்து நின்றது. பரீட்சையில் யந்திரம் தோற்றது என்பதைத்தான் அவன் முதலில் கவனித்தான். அண்ணன் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதை அதற்கு அப்புறம்தான் கவனித்தான்.

"அண்ணி, கொஞ்சம் இங்க வாங்க," என்று கூப்பிட்டான். "அண்ணன் வந்திருக்கார்."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஜன்னலோரம், வெட்டுப் பலகைக்கு முன்னால், அவளே உட்கார்ந்து தக்காளி வெட்டிக்கொண்டிருந்தாள். எட்டு மாதம் முந்தைய அவள். கன்னத்தில் இன்னும் சதை இருந்தது. கடைக்குப் பேரிங் வாங்கக் கிளம்பியவர் வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டினார், மறு காலால் இன்னொன்றைத் தேடினார், திரும்பாமலே என்னவோ சொன்னார். தோள் அசைந்தது, பின்னந்தலை அசைந்தது. யந்திரத்து விசிறியின் இரைச்சலில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பிறகு தண்ணீர் ஆறியது. வாசலில் யாரும் இல்லை. அவளுக்குப் பயம் வரவில்லை. வயிற்றிலிருந்து கோபம்தான் வந்தது. எட்டு மாதமாக அவள் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்த அதே இரைச்சல், அதே முதுகு; சொன்னது மறுபடியும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் முன்கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் காயில் கம்பி சுற்றிக் கொடுப்பவர் என்பதால் தெருவில் அவர் காயில்காரர், அவள் காயில்காரம்மா. கல்யாணத்துக்கு முன் அவள் பழக்கூழ்த் தொழிற்சாலையில் பழம் நறுக்கியவள். கத்தி அவள் கையில் ஆறாவது விரல். சந்தையில் விலை விழும்போதெல்லாம் தக்காளியைச் சாக்கடையோரம் கொட்டி அழும் ஒரு மொத்த வியாபாரி, மின்சாரத்தில் ஓடும் உலர்த்திப் பெட்டி ஒன்று செய்து தரமுடியுமா என்று கேட்டார். காயில்காரருக்கு முடியாது என்று சொல்லும் பழக்கம் கிடையாது. ஆளுயரத் தகரப் பெட்டி, பின்னால் சூட்டுக் கம்பி, அதற்கும் பின்னால் விசிறி, உள்ளே அடுக்கடுக்காக வலைத்தட்டுகள், முன்னால் கதவு. வெங்காயம் போட்டுப் பார்த்தார்கள், தெருவே அழுதது. திராட்சை போட்டார்கள், எறும்பு வந்தது. கீரை போட்டார்கள், விசிறிக் காற்றில் பறந்து பட்டறை பூராவும் பச்சைத் தூள். ஒவ்வொரு தடவையும் ஒரு குறை தெரிந்தது, ஒவ்வொரு குறைக்கும் ஒரு தகரத் துண்டை வெட்டி ஒட்டினார்கள். கடைசிவரை தீராத குறை ஒன்றுதான்: விசிறிக்குப் பக்கத்தில் இருப்பது சீக்கிரம் காயும், கதவுப் பக்கம் இருப்பது ஈரமாகவே நிற்கும். அதற்காகப் புருஷனும் பெண்டாட்டியும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். சூட்டைப் பார்ப்பது அவர் பொறுப்பு. பாதியில் தட்டுகளை உருவி முன்பின்னாகத் திருப்பி வைப்பது அவள் பொறுப்பு.

வியாபாரி மறுநாள் பார்க்க வருகிறார் என்ற அவசரத்தில், அந்தக் கடைசி நாளன்று அவர் எடுத்த எடுப்பிலேயே சூட்டை உச்சியில் வைத்தார். அவள் வேண்டாம் என்றாள். ஆரம்பத்தில் அவ்வளவு சூடு கொடுத்தால் மேல்தோல் இறுகிப் பூட்டிக்கொள்ளும், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் நின்றுவிடும். பதறாத காரியம் சிதறாது என்று பழமொழி வேறு சொன்னாள். பழமொழி சொன்னதுதான் தப்பு. அவர் பிடித்த முயலுக்கு எப்போதுமே மூன்று கால். யந்திரம் செய்தவனுக்குச் சூடு வைக்கத் தெரியாதா என்று ஆரம்பித்து, அவள் அப்பா வீட்டுச் சமையலறைவரை போய்த்தான் நின்றார். அதன்பிறகு இரண்டு பேரும் வாயைத் தைத்துக்கொண்டார்கள். தட்டைத் திருப்பும் நேரம் வந்தது. அவர் கேட்கட்டும் என்று அவள் இருந்தாள். அவளே செய்வாள் என்று அவர் இருந்தார். யாரும் திருப்பவில்லை. விசிறியின் பேரிங் தேய்ந்து, கத்திப் பேசினால்தான் காதில் விழும் என்ற அளவுக்கு இரைந்தது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் என்னவோ சொன்னார். என்ன என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் திரும்பிச் சொல்லியிருப்பார். வீம்பு அவளைக் கேட்கவிடவில்லை. கத்தியை நிறுத்தாமல் வெட்டிக்கொண்டே இருந்தாள். பேரிங் கடைப் படியில், காகிதத்தில் சுற்றிய பேரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள்.

காய்ந்த காயை எடுத்ததும் மூட்டை கட்டக்கூடாது. கண்ணாடி ஜாடியில் போட்டுத் தினமும் குலுக்கினால்தான் ஈரம் ஒன்றுக்கொன்று பகிர்ந்து சமமாகும். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நடுவிலும் காயில்காரம்மா எழுந்துபோய் ஜாடிகளைக் குலுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கல்நெஞ்சுக்காரி, கண்ணில் ஒரு சொட்டு இல்லை, தக்காளி பெரிசாப் போச்சு என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவளுக்குக் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அப்படிக் குலுக்கிக் குலுக்கி, எந்தத் துண்டு எந்தத் தட்டில் எந்த மூலையில் கிடந்தது என்பது யாருக்கும் தெரியாமல் கலந்துபோனது.

இப்போது அதுதான் வினையானது. ஏனென்றால் இரண்டாவது, மூன்றாவது துண்டு ஊறியபோதே கணக்கு புரிந்துவிட்டது: ஒவ்வொரு துண்டும், தான் கிடந்த இடத்திலிருந்து என்ன பார்த்ததோ, என்ன கேட்டதோ, அதை மட்டும்தான் திருப்பிக் கொடுத்தது. விசிறி ஓரத்துத் துண்டுகளில் இரைச்சலையும் சூட்டையும் தவிர ஒன்றும் இல்லை. நடுத்தட்டுத் துண்டுகளில் உருவம் வந்தது, குரல் வரவில்லை. ஒருநாள் அவள், திரும்பி வந்த அந்தப் பிற்பகலுக்குள் நடந்துபோய், வாசலில் நிற்கிறவரின் பின்னால் நின்று காதைக் கொடுத்துப் பார்த்தாள். பலனில்லை, துண்டுக்குக் கேட்டதுதான் அவளுக்கும் கேட்டது. சரி, உதட்டையாவது பார்ப்போம் என்று அவரைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனாள். முன்பக்கம் இல்லை. சட்டையின் பின்புறம் இருந்தது, பிடரி முடி இருந்தது, அதற்கு முன்னால் தெரு இருந்தது. அன்று அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எட்டு மாதத்துக்கும் சேர்த்து அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தையல்காரிக்கு அது கேட்டது. மிஷினை நிறுத்திவிட்டுக் கைத்தையலை எடுத்துக்கொண்டாள்.

தெரு இதற்குப் பழக அதிக நாள் பிடிக்கவில்லை. மோட்டார் கொடுக்க வருபவர்கள், உள்ளே வெயில் அடித்தால் வெளியே நின்றார்கள். வியாபாரி ஒரு தடவை தெரியாமல் உள்ளே வந்து, முதுகுக்கு வணக்கம் சொல்லி, பதில் வராததால் இந்த ஆளுக்கு எப்பவும் தலைக்கனம்தான் என்று முணுமுணுத்தார். தையல்காரி மட்டும் ஒருநாள் நேரிலேயே வந்து சொன்னாள்.

"செத்தவர் வந்துபோறதுல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. பாவம், வரட்டும். அந்த விசிறிச் சத்தம்தான் தாங்கல. நான் ஒரு அளவு சொன்னா, எழுதிக்கிற பொண்ணு வேற ஒண்ணு எழுதுறா. நேத்து ஒரு ஜாக்கெட்டே போச்சு."

காயில்காரம்மா மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். அளவெடுக்கும் நேரத்தில் ஊறப்போடுவதில்லை என்று பேசி முடிவானது.

துண்டுகளை அவள் ஜாடிகளிலிருந்து கொட்டி, ஒவ்வொன்றாக விரலில் அழுத்திப் பிரித்தாள். கறுத்து, ஒடித்தால் சட்டென்று ஒடிகிறவை விசிறிப் பக்கத்தவை. சிவப்பாக, வளைந்து கொடுத்து, அழுத்தினால் உள்ளே மெத்தென்று இருப்பவை கதவுப் பக்கத்தவை. அவைதான் வாசலைப் பார்த்துக் கிடந்தவை, அவற்றில்தான் குரல் இருக்க வேண்டும். ஆனால் அவற்றில்தான் ஈரமும் இருந்தது. ஈரம் இருந்ததால் பூசணமும் அங்கேதான் முதலில் வந்தது. ஒரு வெள்ளைப் புள்ளி, மறுநாள் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பூசணம் பிடித்த துண்டை ஊறப்போட்டால் மங்கலான வெளிச்சமும் ஒரு புழுங்கல் வாடையும்தான் வந்தன. பூசணம் எட்டாதவற்றை அவள் வீம்போடு ஊறப்போட்டாள். தன் குரல் தனக்கே கேட்டது, பழமொழியோடு. அவர் கத்தியது கேட்டது. அவளுடைய அப்பா வீட்டுச் சமையலறை கேட்டது. சண்டை மொத்தமும் தெளிவாகக் கிடைத்துவிட்டது. வாசலில் சொன்னது மட்டும் ஒரு துண்டிலும் வரவில்லை. கிளம்புகிற நேரத்தில்தான் விசிறி உச்சத்தில் இரைந்தது.

இதற்கிடையில் கொழுந்தன் யந்திரத்தை விடவில்லை. வியாபாரிக்கு அண்ணன் கொடுத்த வாக்கு அது. புதுப் பேரிங் போட்டான். விசிறி பூனை மாதிரி ஓடியது. காற்று எல்லாத் தட்டுக்கும் ஒரே மாதிரி பிரிந்துபோக, பெட்டிக்குள் சாய்வாகத் தகர மடல்கள் வைத்தான். சூடு முதலில் இளசாக ஆரம்பித்து மெல்ல ஏறும்படி செய்தான்; அதை அவன் யாரிடம் கற்றுக்கொண்டான் என்று கேட்டால், ஒரு மாதமாகத் தினமும் அந்தச் சண்டையைக் கேட்கிறேனே என்றான். புதிதாக ஒரு கூடைத் தக்காளி போட்டு எடுத்ததில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோலக் காய்ந்திருந்தன. வெந்நீரில் போட்டதும் பூ விரிகிற மாதிரி உப்பின. அவனுக்கே சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் பழைய ஜாடியிலிருந்து ஒரு கதவுப் பக்கத் துண்டை எடுத்து, இளஞ்சூட்டில் மிச்ச ஈரத்தையும் போக்கி, ஊறப்போட்டுப் பார்த்தான். அழகாக உப்பியது. ஒன்றும் வரவில்லை; ஈரத்தோடு அந்தப் பிற்பகலும் போய்விட்டிருந்தது. வெளியே என்ன வெளிச்சமோ அதுதான் உள்ளேயும் இருந்தது.

"எல்லாத்தையும் இதுல போட்டு எடுத்துருவோம் அண்ணி," என்றான். "பூசணம் பிடிச்சா எல்லாமே போயிடும். காய வச்சா துண்டாவது மிஞ்சும்."

"துண்டை வச்சு நான் என்ன பண்றது? கொழம்பு வைக்கிறதா?"

"அதுக்குச் சொல்லல…"

"எனக்கு அவர் என்ன சொன்னார்னு தெரியணும் தம்பி. திட்டினாரா, போயிட்டு வரேன்னு சொன்னாரா, எதுவா இருந்தாலும் சரி. திட்டியிருந்தாலும் பரவால்ல. தெரியாமத்தான் என்னால இருக்க முடியல."

அவனுக்கும் அண்ணன்தானே. கறுத்து ஒடிகிற துண்டு ஒன்றை யாருக்கும் பிரயோஜனமில்லாதது என்று கேட்டு வாங்கி, அன்று மத்தியானம் ஊறப்போட்டு, வெறும் இரைச்சலுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டான். அண்ணனும் தம்பியும் பட்டறையில் சாப்பிடும்போது ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை என்பதால், அது அவனுக்கு ஏறக்குறையப் பழையபடியே இருந்தது.

பழைய கதவின் ரப்பர் ஓரிடத்தில் இளகி, காற்று கசிந்துகொண்டிருந்தது. அதை மாற்றுவதற்காகக் கதவைக் கழற்றியபோது, ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு துண்டு நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டிலிருந்து சரிந்து விழுந்தது போல. பாதி பெட்டிக்குள், பாதி வெளியே. வெளியே இருந்த பாதிக்கு விசிறி எட்டாது. கொழுந்தன் அதைக் கத்தி முனையால் பெயர்த்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டுபோய் அவளிடம் நீட்டினான். ஓரத்தில் பூசணம் பிடிக்க ஆரம்பித்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய், தையல்காரி வீட்டு வாசலில் நின்றுகொண்டான்.

வெயில் வந்தது. விசிறி வந்தது, ஆனால் பக்கத்து வீட்டில் ஓடுவது மாதிரி. ஜன்னலோரம் பழைய காயில்காரம்மா தலையைக் குனிந்துகொண்டு வெட்டினாள். அவர் செருப்பைத் தேடினார். அவருடைய மூச்சே கேட்டது; படியேறினவர் மாதிரி வாங்கியது, அன்று அதை யாரும் கவனிக்கவில்லை.

"நீ சொன்னதுதான் சரி," என்றார் காயில்காரர், திரும்பாமல். "தோல் இறுகிடுச்சு. இது தேறாது. எல்லாத்தையும் எடுத்துக் கொட்டிடு. நான் போய்ட்டு வந்திடறேன், புதுசாப் போடுவோம்."

சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றார். பதிலுக்காக நின்றார் என்பது இந்தத் துண்டில் நன்றாகத் தெரிந்தது. ஜன்னலோரத்துக் கத்தி டக் டக்கென்று வெட்டிக்கொண்டே போனது.

"கேளுடி," என்றாள் காயில்காரம்மா, தன்னைப் பார்த்து. "என்னன்னு ஒரு வார்த்தை கேளுடி, பாவி." ஜன்னலோரத்தவள் நிமிரவில்லை. வாசலில் நின்ற முதுகு படியிறங்க ஆரம்பித்தது. காயில்காரம்மா வேகமாக வாசலுக்குப் போய், "சரிங்க," என்று சத்தமாகச் சொன்னாள். "சரி, கொட்டிடறேன்." அது அவருக்குக் கேட்டதா என்று சொல்ல வழியில்லை. தண்ணீர் ஆறிவிட்டது.

அவள் நேரத்தைக் கடத்தவில்லை. ஜாடிகளை இரண்டிரண்டாக இடுக்கிக்கொண்டு, பட்டறைக்குப் பின்னால் தோலும் காம்பும் கொட்டுகிற மூலைக்குப் போய்க் கவிழ்த்தாள். கறுத்தது, சிவந்தது, பூசணம் பிடித்தது, ஊறி முடிந்தது, எல்லாம். கொழுந்தன் ஓடிவந்து ஜாடியைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன அண்ணி பண்றீங்க? நல்ல துண்டு இன்னும் எவ்ளோ இருக்கு!"

"விடு தம்பி. உங்க அண்ணன் கொட்டச் சொல்லிட்டாரு." கை நிற்கவில்லை. "அன்னைக்கே கொட்டியிருக்கணும். அவர் சொன்னதை நான் என்னைக்கு முதல் தடவையே கேட்டேன்?"

மறுநாள் இரண்டு பேருமாகப் புதுத் தக்காளி போட்டார்கள். போடுவோம் என்று அவர் சொல்லியிருந்தார், அவர் வராததற்காக அதை நிறுத்திவைக்க முடியாது. வியாபாரி வந்து, ஒன்றை ஒடித்து, ஒன்றை ஊறவைத்து, ஒன்றை மென்று பார்த்துவிட்டுப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அடுத்தடுத்து வேறு வியாபாரிகள் வந்தார்கள். சில வருஷங்களில் கொழுந்தனின் பெட்டி பல ஊர்களில் ஓடியது. சத்தமே வராத பெட்டி என்று அதற்குப் பெயர்.

கொட்டிய வாரத்தில் நல்ல மழை பிடித்தது. மழையோடு மழையாகப் பட்டறைக்குப் பின்னால் வெயில் அடித்தது. வெந்நீராக இருந்தால் ஆறும். மழைத்தண்ணீரில் ஆறுவதற்கு என்ன இருக்கிறது? ஆகவே இந்தத் தடவை வந்த பிற்பகல் திரும்பிப் போகவில்லை. தக்காளிச் செடி ஒன்றுகூட முளைக்கவில்லை, விதை அன்றைய சூட்டிலேயே வெந்துபோயிருந்தது. பிற்பகல் மட்டும் அங்கே தங்கிவிட்டது. காலையிலும் அங்கே சாயும் வெயில்தான், விளக்கு வைத்த பிறகும் அதே வெயில்தான். ஒரு மனிதர் ஒற்றைச் செருப்போடு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார், என்னவோ சொல்வார், இறங்கிப் போவார், மறுபடி நிற்பார். எல்லாத் துண்டுகளும் சேர்ந்து கிடப்பதால் விசிறி முழுச் சத்தத்தில் இரைகிறது. அவர் சொல்வது ஒருவருக்கும் கேட்பதில்லை. காயில்காரம்மாவுக்கு அது தெரிந்ததுதான் என்பதால் அவள் காதைக் கொடுப்பதும் இல்லை. அவர் பதிலுக்காக நிற்கும் அந்த ஒரு கணத்தில் மட்டும், என்ன வேலையாக இருந்தாலும் நிமிர்ந்து, "சரிங்க," என்பாள். ஒருநாள்கூடத் தவறியதில்லை. அவர் திரும்பியதும் இல்லை.

துணி காயப்போட முதலில் வந்தவள் தையல்காரிதான். அடைமழையில் வாரக்கணக்கில் ஈரம் நாறிக் கிடந்த துணிகள் அங்கே போட்டால் மொறுமொறுவென்று காய்ந்தன. அப்புறம் எதிர்வீடு, அப்புறம் தெருமுனை. இப்போது அங்கே குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டியிருக்கிறார்கள். அவர் நடந்துபோகிற பாதையில் மட்டும் யாரும் கொடி கட்டுவதில்லை. சொல்லி வைத்ததல்ல, அவரவராகவே விட்டுவிட்டார்கள். மழைக்காலம் முழுக்க அந்தத் தெருவுக்குத் துணி காயாத கவலை கிடையாது. அங்கே நின்று பேச வேண்டுமென்றால் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டும், அவ்வளவுதான்.